வயிற்றுக்கு எதற்கு ஸ்கேன்?

"கோளாறு தலையில சார். பத்து நாளா தூங்காம உளர்றா. நீங்க என்னடான்னா வயித்தப் பார்க்கறீங்க."

கணவன் எரிச்சலோடு சொன்னான். அவன் மனைவி ஊசி மயக்கத்தில் படுத்திருந்தாள். மூலையில் ஒரு பெண் ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அந்தம்மா யாரு?"

"நம்ம ஆளுதான்" என்றபடி ஸ்கேன் எடுப்பவர் வயிற்றில் ஜெல்லைத் தடவினார். இதை விளக்குவதில் அவருக்கு அலுப்பே வராது.

"சினைப்பையில சில கட்டி வரும் தம்பி. அதுக்குள்ள முடி, பல்லு, ஏன், மூளைத் திசுகூட இருக்கும். உடம்பு அதை எதிரின்னு நினைச்சுப் படையை அனுப்பும். அந்தப் படைக்கு ஆள் அடையாளம் தெரியாது. மேல ஏறி நிஜ மூளையையும் அடிக்கும்."

"அப்ப இவளுக்குப் பைத்தியம் இல்லையா?"

"இல்ல. இதோ பாருங்க, எலுமிச்சம்பழம் அளவுல கட்டி. சீக்கிரம் எடுத்துட்டா நிறைய பேர் தேறிடறாங்க."

"லேட்டானா?"

அவர் கை நின்றது. மூலையைப் பார்த்தார்.

"அவ என் சம்சாரம். வேலைக்குப் பயந்து நடிக்கிறான்னு திட்டிக்கிட்டே இருந்தேன். தினம் நாப்பது வயித்தப் பார்க்கற எனக்கு, இவளை இந்தக் கட்டில்ல படுக்க வைக்கப் பதினோரு மாசம் ஆச்சு."

அந்தப் பெண் எழுந்து வந்து, மடித்த துண்டை அவரிடம் பணிவாக நீட்டினாள்.

"சார், என்னை எப்ப ஸ்கேனுக்குக் கூப்பிடுவீங்க?"