118 போட்ட டி-சர்ட்

முள்காட்டுக்கு இரண்டு முழம் முன்னால் கார் நின்று முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அவள் இன்னும் இறங்கவில்லை.

வரும்போது வேகம் நூற்று முப்பத்தொன்று. ஹெல்மெட்டுக்குள் நடுவரின் குரலே சொன்னது. கல்லூரி பேட்டரி கார்களில் அதுவரை சாதனை நூற்றுப் பதினெட்டு.

ஆனால் அது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிய கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள் அதே பாதையில் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. காற்றுக்குக் கோப்பை கொடுத்துவிடக் கூடாதே என்று யாரோ யோசித்து வைத்த விதி.

யோசிக்காதது அவளுடைய கல்லூரிக்காரர்கள்தான்.

காருக்குப் புடலங்காய் உடம்பு. நேராகப் போகவென்றே செய்தது. ஸ்டியரிங் இரண்டு விரற்கடைக்கு மேல் திரும்பாது. ரிவர்ஸ் கிடையாது. மூன்று வருட உழைப்பு, நான்கு பேராசிரியர்கள், ஒரு திருஷ்டிப் பூசணி.

திருப்புவது எப்படி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தூக்கித்தான் திருப்ப வேண்டும். அவளுடைய ஆட்கள் பழைய விமான ஓடுபாதையின் மறுமுனையில். அவர்களை ஏற்றிவர வேண்டிய குட்டியானை வண்டி பஞ்சர். இதோ ஒட்டிவிடலாம், அதோ ஒட்டிவிடலாம் என்று பார்த்துவிட்டு, இப்போதுதான் ஓடி வருகிறார்களாம்.

அவர்கள் ஓடுகிற வேகத்தை அளக்க நடுவர் தேவையில்லை.

பக்கத்திலேயே ஏழு பேர் நின்றிருந்தார்கள். போட்டிக் கல்லூரி. பழைய சாதனை அவர்களுடையது. அன்று ஓட்டிய இசக்கிராஜா, நெஞ்சில் 118 என்று அச்சடித்த டி-சர்ட்டோடு வந்திருந்தான். அவள் முள்ளுக்குள் பாய்வதைப் படம் பிடிக்கவே இந்த முனையில் இடம் பிடித்திருந்தார்கள்.

அவள் பாயவில்லை. ஏழு முகங்களிலும் அந்த வருத்தம் இருந்தது.

இசக்கிராஜா காரை ஒரு சுற்று சுற்றினான். மூக்கைப் பார்த்தான். வாலைப் பார்த்தான்.

"ஏ பிள்ள, இத எப்படித் திருப்புவிய?"

அவள் இரண்டு கையாலும் தூக்குகிற மாதிரிக் காட்டினாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"எங்க காரயும் ஆடு மேய்க்க வந்தவங்கதான் தூக்கித் திருப்புனாவ. வெளிய சொல்லிராத."

பிறகு பின்னால் திரும்பினான். "எல, போன உள்ள வைங்கல. வந்து புடிங்க."

கார் திரும்பியது.

ஆடிக் காற்று, கொஞ்சம் சாய்வாக, முகத்தில் வந்து அறைந்தது. தூரத்துக் காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்றின.

இசக்கிராஜா டி-சர்ட்டைக் கழற்றினான். ஒரு குச்சியில் கொடி மாதிரிக் கட்டி, பாதை ஓரத்தில் தூக்கிப் பிடித்தான்.

"இந்தக் காத்து நடுவுல நடுவுல மூச்சு வாங்கும். அப்பக் கெளம்பு."

டி-சர்ட் விறைத்துப் பறந்தது. இன்னும் ஐந்து நிமிடம்.

118.

நான்கு.

118.

அவன் கை வலிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். மற்றக் கையையும் கொடுத்துப் பிடித்தான்.

மூன்று.

டி-சர்ட் தொய்ந்தது. எண் மடிப்புக்குள் போய்விட்டது.

அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள்.