மா பொங்கிய அறை

கிட்ட வந்து இருங்கோ, பிள்ளையள். குளிருக்குள் கேட்க இதமான ஒரு கதை வைத்திருக்கிறேன். முடியுமட்டும் ஒருவரும் எழும்பக்கூடாது.

“ஐயோ, யன்னல் போச்சே! இனி மா எப்படிப் பொங்கும்?”

தவராசா தலையில் கை வைத்தபடி நின்றான். சண்டையால் கிளிநொச்சியை விட்டுச் சனம் வந்து சேர்ந்த வருசத்து மார்கழி அது. துணுக்காயில் இருந்த அவனுடைய சின்னப் பேக்கரியில், மா பிசைந்து வைக்கும் அறைக்கு ஒரேயொரு யன்னல்தான். அதன் கண்ணாடி நொறுங்கி நிலமெல்லாம் கிடந்தது. மழையோடு வந்த வாடைக்காற்று நேரே மாத் தொட்டிக்கு மேலே வீசியது.

மா கிடைப்பதே அரிதான காலம். கையிலிருந்த மா முழுவதையும் பிசைந்து தொட்டியில் மூடிவைத்துவிட்டு, விறகு பார்க்கப் போய்த் திரும்பியிருந்தான். குளிர் பிடித்தால் மா பொங்காது. நாளைக்குச் சுடுகிற பாண் கல்லாகிவிடும்.

“ஆர் உடைச்சது?”

“அதைப் பிறகு பாப்பம். முதல்ல அறையைச் சூடாக்கிற வழியைப் பாருங்கோ” என்றாள் மனைவி விமலேஸ்வரி.

“தணல் சட்டி வைப்பமே?”

“முந்தி வைச்சுப் பாத்தனாங்கள்தானே. இது பாணோ, புகை போட்ட கருவாடோ எண்டு சனம் கேட்டது மறந்து போச்சே?”

“அப்ப என்ன செய்யிறது?”

“மனுசச் சூடுதான் வேணும். எதிரில பாலை மரத்துக்குக் கீழ தறப்பாள் கொட்டில் கட்டியிருக்கிற சிற்றம்பலம் ஐயாவையும் அவற்ற மனுசியையும் கூப்பிடுங்கோ. நாலு பேர் உள்ளுக்க இருந்தால் அறை சூடேறும்.”

“அவரோ? நீ எத்தினை தரம் கூப்பிட்டும் வராத மனுசன்!”

உண்மைதான். கிளிநொச்சியில் வயலும் வாய்க்காலுமாக வாழ்ந்தவர் சிற்றம்பலம். வந்தவர் போனவருக்கெல்லாம் சோறு போட்ட வீடு அவருடையது. “ஆருடைய வீட்டுக்குள்ளயும் ஒதுங்கிப் பழக்கமில்லைப் பிள்ளை” என்று ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுவார். அவருடைய மனைவிக்கோ இழுப்பு வருத்தம். ஈரத்தில் அந்த அம்மா மூச்சுக்குப் போராடும் சத்தம் பேக்கரி வரைக்கும் கேட்கும்.

“அது நாங்கள் உதவி செய்யக் கூப்பிட்டது. இப்ப நீங்கள் உதவி கேட்டுப் போறியள். போய்க் கெஞ்சுங்கோ.”

தவராசா மழைக்குள் ஓடினான்.

“ஐயா, என்ர மா எல்லாம் பாழாப் போகப் போகுது. நீங்கள் ரெண்டு பேரும் வந்து தொட்டிக்குப் பக்கத்தில இருந்தால் நான் தப்பிடுவன். கூலி தாறன் ஐயா.”

சிற்றம்பலம் உடைந்த யன்னலைப் பார்த்தார். வாசலில் நின்ற விமலேஸ்வரியைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“எழும்பு மனுசி. மாவுக்குக் குளிருதாம்.”

உள்ளே வந்ததும் அவருக்குப் பழைய அதிகாரம் வந்துவிட்டது.

“உதென்ன தம்பி, பழஞ்சீலையால அடைக்கிறாய்? காத்துச் சிரிக்கும். சாக்குக்குள்ள வைக்கோலை இறுக்கி அடைச்சுக் கொண்டா. முளை கட்டுற விதை நெல்லுக்குச் சூடு வைச்ச கை இது.”

வைக்கோல் சாக்கு யன்னலில் கச்சிதமாகப் பொருந்தியது. இடுக்குகளுக்கு அவரே களிமண் பூசினார். பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, மூடியோடு அறை நடுவில் வைக்கச் சொன்னார். மெல்ல மெல்ல அறை வெதுவெதுத்தது. தொட்டியில் சாய்ந்திருந்த அந்த அம்மாவின் இழுப்பும் இறங்கி வந்தது.

விமலேஸ்வரி எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள்.

“எங்கட நெல் அறைக்குள்ள இருக்கிறது மாதிரி இருக்கு, என்னப்பா?” என்றார் அந்த அம்மா.

“ஓம். கலியாணம் முடிச்ச புதுசில நீ அதுக்குள்ளதானே பூனை மாதிரிச் சுருண்டு படுப்பாய். என்ர அம்மா மருமேளைத் தேடி வளவெல்லாம் திரிவா.”

“காட்டிக் குடுத்ததே நீங்கள்தானே!”

தவராசா சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறியது. முற்றத்து மாமரம், வாய்க்காலில் குளித்த பிள்ளைகள், நெல் சூடடிக்கும் நாளின் பொங்கல் என்று பேச்சு வளர்ந்தது. அந்த வீடு இப்போது நிற்கிறதோ இல்லையோ, அன்றைக்கு அந்தச் சின்ன அறைக்குள் முழுசாக வந்து நின்றது.

விடிகாலையில் தவராசா போட்ட சத்தத்தில் எல்லாரும் எழும்பினார்கள்.

“பொங்கிட்டுது! தொட்டி விளிம்புக்கு மேலால பொங்கி நிக்குது!”

போறணை அடுப்பிலிருந்து இறக்கிய முதல் பாணை, சுடச்சுட, சிற்றம்பலத்தின் கையில் கொடுத்தான்.

“உங்கட கூலி, ஐயா. யன்னல் திருத்துமட்டும் நீங்கள்தான் மாவுக்குக் காவல்.”

“இப்ப எங்க கண்ணாடி கிடைக்கப் போகுது? மழை முடியட்டும்” என்றாள் விமலேஸ்வரி அவசரமாக.

“உடைச்சது குரங்காத்தான் இருக்கும். கையில அம்பிடட்டும், வாலை ஒட்ட அறுக்கிறன்!” என்று பல்லைக் கடித்தான் தவராசா.

சிற்றம்பலம் பாணைப் பிய்த்து மனைவியிடம் ஒரு துண்டை நீட்டினார்.

“குரங்கில பழியைப் போடாதை தம்பி. நேற்றுப் பின்னேரம் உன்ர மனுசி உலக்கையால அந்தக் கண்ணாடியை இடிக்கேக்க, நான் மரத்தடியில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கூப்பிட்டு வராட்டி, தன்ர வீட்டையே உடைச்சுக் கூப்பிடுற பிள்ளைக்கு மாட்டன் எண்டு எப்படியடா சொல்லுறது?”

உங்கள் வீட்டிலும் அடுப்பு ஆறாமல் இருக்கட்டும். ஈரத்தில் நிற்பவர் கூச்சமில்லாமல் நுழைய ஒரு வாசலும் இருக்கட்டும். நல்லாயிருங்கோ, பிள்ளையள்.