நெற்றிக்கண் முகம் பார்க்க வேண்டுமாம்

"சித்தி, தூங்கிட்டியா? ரெண்டு வருஷமா ஒருத்தரை ஏமாத்திட்டிருக்கேன். இப்ப அவர் என்னைப் பாக்கணும்கிறார்."

சித்தி படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தாள். "யாருடி அவன்?"

"ஐயோ, அது இல்ல! அவருக்கு எப்படியும் அறுபது வயசிருக்கும்."

"அடிப்பாவி!"

அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். போனில் தமிழ் தட்டச்சு செய்ய ஓர் இலவசச் செயலி. எங்கெங்கோ இருப்பவர்கள் பைசா வாங்காமல் அதன் பிழைகளைத் திருத்தி அனுப்புவார்கள். எதைச் சேர்ப்பது, எதைக் குப்பையில் போடுவது என்று முடிவு செய்பவர் ஒரே ஒருவர். புனைபெயர் நெற்றிக்கண். ஒரு புள்ளி விலகினாலும் எரித்துவிடுவார்.

பதினைந்து வயதுப் பெண் திருத்தினால் யார் மதிப்பார்கள்? 'ஐம்பது வயதுப் பொறியாளர்' என்று போட்டுக்கொண்டேன். நாற்பத்தொரு திருத்தங்களை ஏற்றுக்கொண்டார். இன்று மாலை எழுதியிருந்தார்: "உங்களை நம்பிச் சாவியைத் தரப்போகிறேன். இனி நீங்களே திருத்தங்களைச் சேர்க்கலாம். ஒருமுறை காணொளியில் முகம் பார்த்துப் பேச வேண்டும். உங்கள் ஊர் நேரம் இன்றிரவு பதினொன்று."

இன்னும் இருபது நிமிடம்.

"உண்மையச் சொல்லித் தொலையேன்டி."

"சொன்னா நாப்பத்தொண்ணையும் தூக்கிக் கடாசிடுவாரு சித்தி. அம்பது வயசு மூஞ்சிக்கு நான் எங்க போவேன்?"

"எனக்கு நாப்பத்தாறுதான்" என்று முறைத்தாள். ஆனாலும் சீப்பைத் தேடினாள்.

மடிக்கணினி சாப்பாட்டு மேசைமேல், நான் மேசைக்கு அடியில். பதிலைத் தாளில் எழுதிச் சித்தி மடியில் வைப்பது ஏற்பாடு. எதிர் அலமாரிக் கண்ணாடியில் திரை மங்கலாகத் தெரிந்தது. நரைமீசை, தடித்த மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் அவர் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டார். குறிப்பெழுதி வைத்துக் குடையும் ஆள்!

"ஒரு பிழை வந்தா மொதல்ல எங்க தேடுவீங்கம்மா?"

அவசரத்தில் என் பென்சில் முனை ஒடிந்தது. சித்தி வேலை பார்ப்பது பல் மருத்துவமனையில். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: "வலிக்கிற பல்லையே பாத்துட்டிருந்தா ஆகாதுங்க. சொத்தை பக்கத்துப் பல்லுல இருக்கும்."

தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"பிரமாதம்மா! சாவி உங்களுக்குத்தான்."

சந்தோஷத்தில் எழப் போய் மேசையில் மடேரென்று முட்டிக்கொண்டேன்.

"பூனைங்க" என்றாள் சித்தி, என்னைக் காலால் எத்தியபடி.

"பரவால்லம்மா, இங்கயும் ஒண்ணு இருக்கு" என்று சிரித்துக்கொண்டே, கும்பிடுவதற்காக அவர் எழுந்து நின்றார்.

அங்கே மேசைக்கு அடியிலிருந்து ஒரு கீச்சுக் குரல் அலறியது:

"தாத்தா, என் கையை மிதிக்காதீங்க, நான் சாவி அனுப்பணும்!"