எந்தச் சரி

அறையில் இருந்தவர்கள்: தேடலை நடத்தும் துறைமுக அதிகாரி, எங்கள் கம்பெனி இயந்திரத்தைக் கவனிக்க நான், இன்னொரு கம்பெனி இயந்திரத்தைக் கவனிக்க ஒரு பெண்.

தண்ணீருக்கடியில்: ஆளில்லா நீர்மூழ்கிகள் இரண்டு. அவை தேடும் ஆள், கப்பலின் அடிப்பக்கத்தைச் சுரண்டப் போய் நேற்றிலிருந்து திரும்பாத டைவர்.

உயிரோடு கிடைப்பார் என்று யாருக்கும் எண்ணமில்லை. உடலையாவது எடுக்க வேண்டும்.

கடலுக்கடியில் ரேடியோ எடுபடாது. இயந்திரங்கள் ஒலி எழுப்பித்தான் பேசும். நீட்டி முழக்க முடியாது, எல்லாம் எண்கள். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு விதி வந்திருந்தது. அதை நம்பித்தான் இரண்டையும் சேர்த்து இறக்கினோம். யார் எங்கே தேடுவது என்று அவையே பேசிப் பிரித்துக்கொள்ளும்.

மதியத்துக்குள் திரை முழுக்கப் பச்சை. தேடி முடித்த இடம் என்று பொருள்.

"பாத்தாச்சு. மேல எடுத்துருங்க," என்றார் அதிகாரி. எடுத்துவிட்டால் மறுபடி இறக்கமாட்டார்கள்.

"கப்பலுங்க வந்து போற தடத்துல யாரு பாத்தது?" என்றாள் அவள்.

"உங்க மிஷின்தான் மேடம்," என்றேன். "எங்க ஆளு போகச் சொன்னான், உங்காளு சரின்னுட்டான். எண் ஒண்ணு. இந்தா இருக்கு பாருங்க."

"எங்களுக்கு ஒண்ணுன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். போறேன்னு இல்ல."

விதியில் ஒன்றுக்கு நேரே 'சரி' என்று மட்டும்தான் போட்டிருந்தது. எந்தச் சரி என்று எழுதியவர்களும் சொல்லவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. எங்கள் இயந்திரம் தடத்துக்கும் பச்சை அடித்துவிட்டது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரியில்ல பேசி முடிச்சிருக்குதுங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அவள் கட்டளை தட்டித் தன் இயந்திரத்தைத் தடத்துக்குள் திருப்பினாள்.

படம் வரி வரியாக வந்தது. சேறு. ஒரு சங்கிலி. பிறகு ஒரு நீச்சல் துடுப்பு, அதற்கு மேலே முழங்கால்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் மட்டும். பெண் என்பதால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நீரோட்டம் இழுக்குது சார். நான் பிடிக்கலைன்னா மிஷின் நகந்துரும்." அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நேத்து வீட்டுலேருந்து கிளம்பறப்ப நானும் சொன்னேன், தடத்துப் பக்கம் மட்டும் போகாதீங்கன்னு. சரின்னாரு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"படகு வர்ற வரைக்கும் நானே பாத்துக்கறேன்," என்றாள். "ரெண்டு பேரும் வெளிய இருங்க."

வெளியே இரண்டு கம்பெனி ஆட்களும் என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்கள். அதிகாரி எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, யாரும் உள்ளே போகாதபடி பூட்டினார்.