பக்கத்துத் தாள்

ஐந்து தோட்டா, ஒரே ஓட்டை. பதினைந்து கஜ தூரம். அந்த ஓட்டையைக் கால் டாலர் காசு ஒன்றால் மூடலாம். மூடிய பிறகும் காசில் இடம் மிச்சமிருக்கும்.

சுட்டவன் நான். வயது எழுபத்து மூன்று. வலது கண்ணில் புரை, கட்டைவிரலில் வாதம், கையில் இரவல் துப்பாக்கி.

நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் துப்பாக்கி கிளப்பிலேயே யாரும் நம்பவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை நெப்ராஸ்கா காற்று எங்கள் தொப்பிகளைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கிளப் கூட்டாளி வெண்டல் பெட்டியைத் திறந்தான். புதுக் கைத்துப்பாக்கி. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

முட்டை சாண்ட்விச் இதைவிடக் கனக்கும். முட்டையை எடுத்துவிட்டாலும் கனக்கும்.

என் பழைய இரும்புத் துப்பாக்கியின் மேல்மூடியை, அதாவது ஸ்லைடை, பின்னால் இழுக்க எனக்கு இரண்டு கையும் ஒரு ஜெபமும் வேண்டும். வெண்டல் இதை மேசை இழுப்பறையைத் திறப்பதுபோல இரண்டு விரலால் இழுத்தான். அவன் விரல்களும் என்னுடையவை மாதிரி இஞ்சிக் கிழங்குதான்.

எனக்கு வயிறு எரிந்தது. மேலே ஒரு கேத்தலை வைத்திருந்தால் கிளப்புக்கே காபி போட்டிருக்கலாம்.

கிளப் அறையில் காபி மேசைக்கு மேலே ஒரு பலகை உண்டு. வாரத்தின் சிறந்த இலக்குத் தாள் அதில் தொங்கும். பதினோரு வாரமாகத் தொங்குவது என் தாள். வெண்டலின் பார்வை பெட்டியிலிருந்து ஜன்னல் வழியே நேராக அந்தப் பலகைக்குத்தான் போனது.

ஆறாம் தடத்தில் நின்று ஐந்து சுட்டான். ஏழாம் தடத்தில் நான்.

"டேய் எல்மர், நீயும் அஞ்சு போட்டுப் பாரு. அப்புறம் உன் கடப்பாரையத் தூக்கிக்கிட்டு நேரா மியூசியத்துக்குப் போ."

துப்பாக்கியோடு தன் தோட்டாப் பெட்டியையும் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மேகசினில், அந்தத் தோட்டாக் கூட்டில், ஐந்தை நிரப்பினேன்.

எடை குறைந்த துப்பாக்கி கழுதைபோல உதைக்கும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். இது பூனை முட்டுவதுபோல முட்டியது. விசை வெண்ணெயாக இளகியது. ஐந்து தடவையில் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

என் கண்ணோ வெண்டலின் தாளை விட்டு நகரவே இல்லை.

"நிறுத்து!" என்றாள் லோர்னா. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இப்போது எங்களை ஓட்டுகிறாள். எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தாள்களைப் பார்க்க நடந்தோம்.

ஏழாம் தாள் புதுப் படுக்கை விரிப்புபோல இருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

ஆறாம் தாளில் பத்துத் தோட்டா. ஐந்து, நாயைக் கண்ட கோழிகள்போலச் சிதறியிருந்தன. ஐந்து, நட்டநடுவில், ஒரே ஓட்டையாக.

"நடுவுல இருக்கிறது என்னோடது!" என்று கத்தினேன். வெண்டலும் அதையேதான் கத்தினான்.

லோர்னா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "தன்னோட தாள் எதுன்னே தெரியாதவன் ஒரே ஓட்டையில அஞ்சு போட்டானாம்! யோவ் எல்மர், போன வருஷம் நீ பிடிச்ச மீனு உன் பிக்கப் வண்டியவிட நீளம்னு சொன்னியே, அந்த மீனுதானே இது?"

கிளப் விதியும் அவள் பக்கம்தான். அடுத்தவன் தாளில் சுட்டால் ஓட்டைகள் தாளுக்கு உடையவனுக்கு. அதிலும் சிறந்த ஐந்தை அவனே எடுத்துக்கொள்ளலாம்.

பதினோரு வாரமாக நான் காத்த இடத்திலிருந்து என்னை இறக்கியவன் நானே.

உள்ளே சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை இனிப்பு ரோலும் சுற்றி வந்தன. வெண்டல் மூன்றாம் முறையாகக் கதை சொன்னான். பதினைந்து கஜம் அதற்குள் இருபத்தைந்து ஆகியிருந்தது. கூட்டிச் சொல்வதுதான் எனக்கென்று மிச்சமிருந்தது, அதையும் எடுத்துக்கொண்டான்.

லோர்னா தாளைப் பலகையில் வைத்தாள். ஊசி குத்தப் போனவள் நின்றாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள்.

சிதறிய ஐந்தின் ஓரங்கள் நட்சத்திரமாகக் கிழிந்திருந்தன. கடையில் வாங்கும் உருண்டை மூக்குத் தோட்டா அப்படித்தான் கிழிக்கும். நடு ஓட்டையின் ஓரமோ அலுவலகத் துளைக்கருவி வெட்டியதுபோலச் சுத்தம். தட்டை மூக்கு. எங்கள் கிளப்பில் தட்டை மூக்குத் தோட்டாவைத் தன் கொட்டகையிலேயே செய்கிறவன் ஒருவன்தான்.

அவள் என் கோட்டுப் பையைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அவன் புதுத் துப்பாக்கியில உன் தோட்டாவையா போட்ட? கேக்காமலா?"

எங்கள் ஊரில் அடுத்தவன் நாயை உதைத்தவனைக்கூட மன்னிப்பார்கள். வீட்டில் செய்த தோட்டா துப்பாக்கியையே உடைத்துவிடலாம், இதை மன்னிக்க மாட்டார்கள்.

"புதுசுல தட்டை மூக்கு சிக்கும்," என்றேன் காபிக் கோப்பையிடம். "எல்லார் முன்னாடியும் சிக்கட்டும்னுதான்..."

அறையின் அந்தக் கோடியிலிருந்து வெண்டல் கூவினான்: "எல்மர்! இப்பவாவது வாயத் திறந்து சொல்லுடா. யார் சுட்டது அது?"

எல்லாரும் திரும்பினார்கள். கோட்டுப் பைக்குள் மிச்சத் தோட்டாக்கள் என் விரல்களில் சில்லென்று பட்டன.

"நீதான்டா," என்றேன்.

லோர்னா போய் ஊசியை அழுத்திக் குத்தினாள். திரும்பி வந்து, இருந்ததிலேயே பெரிய ரோலை என் தட்டில் வைத்தாள்.

"நீதான்யா," என்றாள், என் காதுக்கு மட்டும். "அஞ்சும் நீதான்."