முதல் கேள்வி

போடியில் சமூக சேவகிகளுக்குப் பயிற்சி. மலைத்தோட்டத்துப் பெண்களிடம், வீட்டில் அடி உதை உண்டா என்று எப்படி விசாரிப்பது என்பதுதான் அன்றைய பாடம்.

"எடுத்ததும் அடிக்கிறானான்னு கேக்காதீங்க. முதல்ல பேரைக் கேளுங்க. புருஷன் பக்கத்துல நின்னா, சத்துமாவு தர்றோம்னு சொல்லி ஜீப்புக்குத் தனியாக் கூட்டிட்டு வந்துருங்க," என்றார் பயிற்சி நடத்திய மேடம்.

கருத்தம்மாள் எழுந்தாள். "உச்சித் தோட்டத்துக்கு நான் போறேன் மேடம்."

"அட்டைக்கடி தாங்க மாட்டீங்களே! அங்க சொந்தக்காரங்க யாரும் உண்டா? இருந்தா அனுப்ப மாட்டேன். பாத்ததும் அழுதுட்டா காரியம் கெட்டுப்போகும்."

"யாருமில்ல மேடம்."

மறுநாள் உச்சித் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு வீட்டு வாசலை ஒருவன் மறித்து நின்றான்.

"யாரு நீங்க? எம்பொண்டாட்டி ஊருக்காரங்கன்னா அப்படியே திரும்பிருங்க."

"இல்ல தம்பி. சத்துமாவு வந்திருக்கு. ஜீப்புல இருக்கு, உங்க வீட்டுப் பொம்பளைய அனுப்புங்க."

"ஏய், வாடி!"

முந்தானையால் கன்னத்தை மறைத்தபடி வந்தவள், கருத்தம்மாளைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கருத்தம்மாள் நோட்டைத் திறந்தாள். மூன்று வருஷமாக வாய்விட்டுக் கூப்பிட ஏங்கிய பெயர் தொண்டையில் வந்து நின்றது. விழுங்கினாள்.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள், அந்தப் பேரை வைத்தவள்.

ஊருக்குத் தெரியாமல் அவளுக்குத் தாலி கட்டி மலைக்குக் கூட்டிவந்தவன், மாமியார் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"சுப்புத்தாய்ங்க," என்றாள் மகள், செருப்பைக்கூடத் தேடாமல் ஜீப்பைப் பார்த்து நடந்தபடி.