எது மேல்பக்கம்?

"ஏம்மா, இந்தப் படத்தைத் தலைகீழா மாட்டியிருக்கீங்களே!"

பெரியவர் இப்படிச் சொன்னதும் சிசுரு அவசரமாக எழுந்து வந்தாள். கியோட்டோவின் அந்த ஓவியக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. ஓவியர் மினேகோ போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: யார் சொன்னாலும் இந்தப் படத்தைத் திருப்பக் கூடாது.

"ஐயா, இது நவீன ஓவியம். இதுல மேல், கீழ் எல்லாம் கிடையாது."

"அதான் வசதியாப் போச்சு! மையைக் கொட்டிட்டு, மேலும் இல்ல கீழும் இல்லன்னுட்டா யார் கேக்கப் போறா?"

வந்ததிலிருந்தே மனிதர் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லி, அங்கே வழக்கமான எழுத்துத் தூரிகையை நீட்டியபோது, "என் எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்" என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அவர் விரலில் மைக்கறை இருந்ததைச் சிசுரு கவனித்தாள். மற்ற படங்களை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு மணி நேரமாக இதன் முன்னாலேயே நிற்கிறார்.

"இங்க பாரு." காற்றில் விரலைக் கீழேயிருந்து மேலே ஓட்டினார். "தூரிகை இறங்கின இடம் இது. மை தளும்பி நிக்குது. இங்க ஒரு மூச்சு. அப்புறம் ஒரே இழுப்பு! மை தீர்ந்து வெள்ளை தெரியுதே, அங்கதான் முடிவு. தூரிகை எழுத்துல நீளமான கோட்டைக் கீழேயிருந்து மேலே இழுக்கிறவங்க எங்கயாவது உண்டா?"

அவர் விரலோடு சிசுருவின் கண்ணும் ஓடியது. இத்தனை நாளும் வெறும் கறுப்புத் தீற்றலாகத் தெரிந்தது, இப்போதுதான் யாரோ எழுதி முடித்ததுபோல இருந்தது. அவளுக்கு மெய்சிலிர்த்தது.

"என்னம்மா கை இது!" பெரியவர் தன்னை மறந்து சொன்னார். "எழுத்தே இல்ல. ஆனா எழுதிப் பழகாத கைக்கு இது வராது." சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நேரா மாட்டு. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

வேலை போனாலும் போகட்டும் என்று சிசுரு மினேகோவுக்குப் போன் செய்தாள்.

"மேடம், படம் தலைகீழா இருக்குன்னு ஒரு பெரியவர் அடம் பிடிக்கிறார்."



"இருக்காரா, போயிட்டாரா?" மினேகோ அவசரமாகக் கேட்டார்.

"இங்கதான் உக்காந்திருக்கார்."

"விட்டுடாத. டீ குடு. படத்தைக் கழட்டி, பின்னாடி ஒட்டியிருக்கிற சீட்டைச் சத்தமாப் படி. நான் இதோ வந்துட்டேன்."

சிசுரு படத்தை இறக்கித் திருப்பினாள். பழுப்பேறிய சீட்டில் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது.

"நான் எழுத்துக்கலையை விட்டதால் என்னோடு பேச்சை நிறுத்திவிட்ட என் அப்பா, என்றைக்காவது ஒருநாள் வந்து, இது தலைகீழ் என்று சொல்வார். அன்றைக்கு நேராக மாட்டவும்."